சிறுவர், குடும்ப ஊழியப் பயிற்சி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சபைகளின் பிரதிநிதிகளே,

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வருகைப் பதிவேடு மேசையில் இருக்கிறது. பயிற்சி எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்பதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

நம் சபைகளின் சங்கம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் நடத்திவந்த பயிற்சியை இவ்வாண்டு போதகர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் மூப்பர்களுக்கும் என்று மாற்றினோம். பயிற்சி முடித்த ஆசிரியர் அறைக்கும் நேரத்துக்கும் சாமான் வாங்கும் பணத்துக்கும் மூப்பர்களிடம்தான் போய் நிற்கிறார். அவர்களுக்கு விஷயம் பிடிபடாவிட்டால் சில மாதங்களில் பழைய முறையே திரும்பிவிடுகிறது. இது இன்றைய சிக்கல் அல்ல. 1528-இல் ஜெர்மனியின் சாக்சனி சபைகளைப் பார்வையிட்ட சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், குருமார்களில் பலருக்கே கற்பிக்கத் தெரியவில்லை என்று கண்டு 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலை எழுதினார். குடும்பத் தலைவர் வீட்டாருக்குக் கற்பிக்க ஏற்ற எளிய வடிவம் என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பும் வைத்தார்.

எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் அமர்வில் விரிவுரை கிடையாது. பயிற்சிக்கு வந்த போதகரோ மூப்பரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுவர் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நொடியில் யார் பேசுகிறார் என்று தாளில் குறிக்க வேண்டும்: ஆசிரியர் என்றால் ‘ஆ’, பிள்ளை என்றால் ‘பி’. 45 நிமிட வகுப்புக்கு ஒன்பது குறி. ஒன்பதும் ‘ஆ’ என்று வரும் தாளுக்கு நாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

பிரசங்கத்தைச் சுருக்கினால் சிறுவர் செய்தி ஆகிவிடும் என்ற எண்ணம்தான் போதகர்களிடம் கடைசிவரை போராட்டமாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை உருவகத்தை உருவகமாக எடுத்துக்கொள்ளாது. “இயேசு உன் இருதயத்துக்குள் வருவார்” என்றால், “உள்ளே எப்படி மூச்சு விடுவார்?” என்று கேட்கும். ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன ஆதியாகமம் 22-ஐ விசுவாசப் பரீட்சை என்று நாம் சொல்ல, அப்பா கத்தி எடுத்தார் என்பதை மட்டும் அது வீட்டுக்குக் கொண்டுபோகும். எந்தப் பகுதியை எந்த வயதில் சொல்வது என்று இரண்டு அமர்வுகள் செலவிட்டோம். இன்னும் ஒன்று தேவைப்பட்டது.

மனப்பாட வசனத்துக்குப் பலகை முறையைப் பழக்கினோம். “தேவன் அன்பாகவே இருக்கிறார்” (1 யோவான் 4:8) என்று எழுதி, எல்லாரும் சேர்ந்து சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாக அழிப்பது. பலகை காலியாகும்போது வசனம் பிள்ளைகளின் வாயில் இருக்கும். சின்னவர்களுக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். வசனம் எங்கே இருக்கிறது என்பதையும் கூடவே சொல்லாவிட்டால் அது தனியே உதிர்ந்துவிடும். பொருள் கேட்காமல் பரிசு கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம்.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொள்வதாகக் கைதூக்கித் தீர்மானம் எடுத்தார்கள் என்று சில சபைகள் எண்ணிக்கை அனுப்பியிருந்தன. அதை இவ்வறிக்கையில் சேர்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளை கைதூக்கினால் இந்தப் பிள்ளையும் தூக்கும்.

பாதுகாப்பு அமர்வுதான் அதிக விவாதத்தைக் கிளப்பியது. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையில் தனியே இருக்கக்கூடாது. போதகருக்கும் இதே விதி. எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பதற்கு பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி.யின் அளவை எடுத்துக்கொண்டோம்: 4 முதல் 8 வயது வரை ஆறு பேருக்கு ஒருவர், 9 முதல் 12 வரை எட்டுப் பேருக்கு ஒருவர். எவ்வளவு சிறிய கூட்டமானாலும் பெரியவர் இருவர். வகுப்பு முடிந்து யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும்.

பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. துருவக்கூடாது, “அவர் இப்படிச் செய்தாரா?” என்று பதிலை வாயில் வைக்கக்கூடாது. பிள்ளை சொன்ன சொற்களையே நாள், நேரத்தோடு எழுதி, நாட்டின் சட்டம் சொல்லும் அதிகாரியிடம் அன்றே போக வேண்டும். இங்கேதான் மத்தேயு 18:15-ஐக் காட்டி “முதலில் தனியே பேசித் தீர்ப்போம்” என்ற குரல் எழுந்தது. அந்த வசனம் சகோதரனுக்குச் சகோதரன் செய்த குற்றத்தைப் பற்றியது. குற்றம் சாட்டப்பட்டவர் முன் பிள்ளையை நிறுத்திச் சமாதானம் பண்ணுவது பிள்ளையை இரண்டாம் முறை காயப்படுத்துவதாகும்; சாட்சியமும் கெடும். இதில் சங்கம் விட்டுக்கொடுக்காது.

குடும்ப ஊழியம் என்றதும் பெற்றோர் கூட்டம் நடத்துவதே பலருக்குத் தோன்றுகிறது. உபாகமம் 6:7 சொல்வதோ வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசுவதை. ஆகவே வீட்டு ஜெபத்துக்குப் பத்து நிமிட வடிவம் ஒன்றைத் தந்தோம்: ஒரு பத்தி வாசிப்பு, பெற்றோருக்கே விடை தெரியாத ஒரு கேள்வி, பிள்ளை செய்யும் ஒரு ஜெபம். அரை மணி நேரம் என்று தொடங்கும் வீடுகள் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகின்றன. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, ஒரு பெற்றோர் மட்டும் உள்ள வீடு, பெற்றோரில் ஒருவர் சபைக்கு வராத வீடு இவற்றுக்கும் பொருந்தும்படி வார்த்தைகளை மாற்றினோம். “அப்பாவிடம் காட்டி வா” என்பதற்குப் பதில் “வீட்டில் காட்டி வா” என்றாலே போதும்.

மூப்பர்கள் தமக்குப் பதில் இளைஞர் ஒருவரை அனுப்பிவிடுவது இவ்வாண்டின் பெரிய குறை. வரும் ஆண்டில் ஒவ்வொரு சபையிலிருந்தும் போதகர் அல்லது மூப்பர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து வந்தால் மட்டுமே சேர்க்கை. இருவரும் எட்டு அமர்வுக்கும் வந்தால் மட்டுமே சான்றிதழ். இத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்