மஞ்சள் தூளும் சோப்புத் தண்ணீரும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தாலே அறிவியல் பெட்டி, ரோபோ பெட்டி என்று கடைகளில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள், வாங்கித் தர முடியாத பெற்றோர் பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டது போல வருந்துகிறார்கள். வருந்தவே வேண்டாம்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவிடுங்கள். துணி சோப்பு கரைத்த நீரை அதில் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும், அப்புறம் அதே இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். காரமும் அமிலமும் இப்படிக் கண்முன்னே தெரிந்தால் மனப்பாடம் எதற்கு? ஒன்று மட்டும், விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். தயிர் விட்டால் என்ன ஆகும், சாம்பல் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று பிள்ளையே யூகித்து, விட்டுப் பார்க்கட்டும்.

எளிய பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டி 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்தே வடிவியல் சொல்லித் தந்தவர். அப்படிச் செய்த சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது அதற்குப்பின் பிள்ளைக்கே பிடிபடும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 2022-இல் தொடங்கிய, அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்கும் வானவில் மன்றம் நல்ல முயற்சி, சின்ன வகுப்புகளுக்கும் அது வர வேண்டும். உங்கள் சிறுவர் பக்கத்திலும் வாரம் ஒரு சோதனை போடுங்களேன், சமையலறையில் இருக்கிற பொருளை வைத்து மட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை