எறிந்து கொடுப்பது இழிவா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத்து வாசகர் பக்கத்தில், நத்தார் (கிறிஸ்மஸ்) காலத்தில் இங்கே கனடாவிலுள்ள ஐஸ் ஹொக்கி அரங்குகளில், மருத்துவமனைகளிலும் புகலிட விடுதிகளிலும் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காகக் கரடிப்பொம்மைகளைப் பனித்தளத்தின் மீது வீசும் வழக்கத்தைக் கண்டித்து அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். கொடுப்பதைக் கையில் கொடுக்க வேண்டும், நாய்க்குப் போடுவது போல எறியக் கூடாது, எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் தொற்ற வேண்டாம் என்பது அவருடைய கடிதத்தின் சாரம். அவருடைய மனத்தாங்கல் எனக்கு விளங்காததல்ல. இடது கையை நீட்டினாலே அதட்டு விழும் வீட்டில் வளர்ந்தவன்தான் நானும். ஆனாலும், அப்படியோர் ஆட்டத்தை அவர் அரங்கில் இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா, அல்லது தொலைக்காட்சியில் அரை நிமிடம் கண்டதை வைத்து எழுதினாரா என்ற ஐயம் எழுந்தபடியால் இதை எழுத நேர்ந்தது.

கடந்த டிசம்பரில் என் ஒன்பது வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ மார்லிஸ் அணியின் ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பெரிய லீக்கில் ஆடும் மேப்பிள் லீவ்ஸ் அணியின் ஆட்டத்துக்குக் குடும்பமாகப் போவதென்றால் ஒரு மாத வாடகையை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதன் இளைய அணியாகிய மார்லிஸுக்கு என் போன்ற ஓய்வூதியக்காரனும் போய் வரலாம். கில்ட்வூட்டில் கோ ரயில் ஏறி, யூனியன் நிலையத்தைக் கடந்து எக்சிபிஷனில் இறங்கினால் அரங்கம் நடை தூரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அந்த ரயிலில் கட்டணம் இல்லை. கொலிசியம் என்னும் அந்தக் கட்டடத்துக்கு நூறு வயதுக்கு மேலாகிவிட்டது. நவம்பரில் அங்கே வேளாண் கண்காட்சி நடக்கும், குதிரைகள் ஓடும். அந்த நாட்களில் மார்லிஸ் வீரர்கள் வெளியூர்களில் ஆடிக்கொண்டிருப்பார்கள். குதிரைகள் போன பிறகுதான் அவர்கள் வீடு திரும்புவார்கள் என்று பேரனிடம் சொன்னபோது, பனிக்கட்டிக்கு அடியில் இன்னும் வைக்கோல் இருக்குமா என்று கேட்டான்.

வழக்கம் இதுதான். சொந்த ஊர் அணி அன்றைக்கு அடிக்கும் முதல் கோலுக்காக எல்லோரும் பொம்மையும் கையுமாகக் காத்திருக்க வேண்டும். கோல் விழுந்ததும் வீச வேண்டும். நாங்கள் போன அன்று அந்தக் கோல் இலேசில் வரவில்லை. எதிரணியின் கோல் காப்பாளர் ஒவ்வொரு பந்தையும், இங்கே அது தட்டையான ரப்பர் வட்டு, பக் என்று சொல்ல வேண்டும், தடுக்கத் தடுக்க அரங்கமே பெருமூச்சு விட்டது. ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அமரக்கூடிய இடத்தில் அந்தப் பெருமூச்சு காற்றைப் போலக் கேட்கும். பேரன் தன் பொம்மையை மடியில் வைத்துக்கொள்ளாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கியபடியே இருந்தான். முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, கை வலிக்கும், கொஞ்சம் இறக்கி வை என்று சிரித்தார். கடைசியில் கோல் விழுந்தது. விளக்கு எரிந்ததையும் சங்கு ஊதியதையும் கவனிக்க எவருக்கும் நேரமில்லை. மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று நாலாபுறமும் இருந்து பொம்மைகள் பறந்தன. பேரன் தன் பலமெல்லாம் திரட்டி எறிந்தது நான்கு வரிசை கூடத் தாண்டாமல் ஒரு பெண்மணியின் தோளில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தூசி தட்டுவது போல ஒருமுறை தட்டி, தன் முன் வரிசைக்கு எறிந்தார், அங்கிருந்து இன்னொருவர், அப்படி ஐந்தாறு கை மாறித்தான் அது கண்ணாடித் தடுப்பைத் தாண்டியது. அன்பர் கேட்டாரே, கையால் கொடுக்கக் கூடாதா என்று: எங்கள் பொம்மை அறிமுகமில்லாத ஐந்தாறு பேர் கையால்தான் போய்ச் சேர்ந்தது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். சற்று முன்வரை ஒருவரையொருவர் பலகையில் மோதிச் சாய்த்துக்கொண்டிருந்த வீரர்கள், கையுறையைக் கழற்றிவிட்டுப் பொம்மைகளை வாரி அணைத்துக்கொண்டு சறுக்கி வந்தார்கள். ஓர் இளம் வீரர் தாடை வரை அடுக்கிக்கொண்டு வந்து, ஒன்று விழ, அதை எடுக்கக் குனிந்து மற்றெல்லாவற்றையும் கொட்டினார். தொண்டர்கள் பெரிய பைகளோடு ஓடித் திரிந்தார்கள். தளத்தைத் துப்புரவாக்கி ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வேறொரு நாளில் பார்வையாளர் எதையாவது தளத்தின் மீது எறிந்தால் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வரும், மீறினால் சொந்த அணிக்கே தண்டனை விழும். இந்த ஒரு நாளில் மட்டும் நடுவர்கள் பலகை ஓரமாகச் சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

எறிவது எல்லா இடத்திலும் இகழ்ச்சியாகிவிடாது என்பதை எங்களைவிட யார் அறிவார்? தேர்த்திருவிழாவில் சிதறு தேங்காய் அடிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் என் சிறு வயதில், தேர் வீதியில் குவித்து வைத்த தேங்காய்களை ஆண்கள் ஓங்கி ஓங்கி அடிக்க, தெறித்து விழும் துண்டுகளை நாங்கள் முட்டி மோதிப் பொறுக்கினோம். அடித்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, பொறுக்கியது யாரென்று அவருக்கும் தெரியாது. அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை, நானும் கூசியதில்லை. கையில் கொடுத்திருந்தால்தான், கொடுத்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்திருக்கும். மருத்துவமனைக் கட்டிலில் நத்தாரைக் கழிக்கும் குழந்தையோ, புகலிட விடுதியில் தாயோடு தங்கியிருக்கும் குழந்தையோ பொம்மையைப் பெறும்போது எங்களைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எனக்கு அதுதான் இந்த வழக்கத்தில் மிகவும் பிடித்தது. எறியப்படுவது ஆட்டத்தின் மகிழ்ச்சியின் மீது. குழந்தைக்குப் போய்ச் சேருவது அதற்குப் பிறகு, தொண்டர்களின் கைகள் வழியாக.

இது அமெரிக்கரின் பகட்டு என்றும் அன்பர் எழுதியிருந்தார். தொடங்கியது இந்த நாட்டில்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் நகரத்தில், பிளேசர்ஸ் என்னும் இளையோர் அணி 1993 டிசம்பர் 5 அன்று இதை முதன்முதலாக நடத்தியது. அன்று கோல் அடித்துப் பொம்மை மழையைத் தொடக்கிவைத்த பிராட் லுக்கோவிச் பின்னாளில் பெரிய லீக்கான என்.எச்.எல். வரை போய், டாலஸ் அணியோடும் டாம்பா பே அணியோடும் அதன் வெற்றிக் கிண்ணமாகிய ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார். கம்லூப்ஸில் இருந்து வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. கல்கரியின் ஹிட்மென் அணி ரசிகர்கள் 2018 டிசம்பர் 2 அன்று 29,635 பொம்மைகளை வீசினார்கள். பென்சில்வேனியாவின் சொக்கலேற் நகரமான ஹேர்ஷியிலோ, 1938 முதல் அமெரிக்கன் ஹொக்கி லீக்கில் ஆடிவரும் பெயார்ஸ் அணியின் ஆட்டத்தில், 2025 ஜனவரி 5 அன்று 102,343 பொம்மைகள் விழுந்தன. அதற்கு முந்தைய ஆண்டு 74,599. அந்த அரங்கில் இருப்பது ஏறத்தாழ 10,500 இருக்கைகள். ஓர் ஆளுக்குப் பத்துப் பொம்மை என்றாகிறது. இந்த இடத்தில் அன்பரோடு நானும் கொஞ்சம் உடன்படுகிறேன். எண்ணிக்கையில் கடந்த ஆண்டை முறியடிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டால், அன்னதானத்தில் எத்தனை மூடை அரிசி வெந்தது என்று பதாகை கட்டுவதைப் போலாகிவிடும். ஆனால் ஹேர்ஷியில் நடப்பது நத்தார் முடிந்த ஜனவரியில் என்பதையும் கவனிக்க வேண்டும். பண்டிகை போன பிறகும் நோயாளிக் குழந்தை கட்டிலில்தான் இருக்கிறது; தொண்டு நிறுவனங்களின் அலுமாரிகள் வெறுமையாவதும் அப்போதுதான்.

பெரிய லீக்கை விட இந்தச் சிறிய லீக்குகளில்தான் இந்த வழக்கம் வேரூன்றியிருப்பது தற்செயல் அல்ல. மார்லிஸும் ஆடும் அமெரிக்கன் ஹொக்கி லீக்கின் 32 அணிகளும் ஒவ்வோர் என்.எச்.எல். அணிக்கு நாற்றுமேடைகள். இன்று இங்கே கோல் அடித்தவர் நாளை தொலைபேசி அழைப்பு வந்தால் மேலே போய்விடுவார். மேலே இருந்தவர் மனம் ஒடிந்து கீழே வருவார். பெல்வில், ராச்செஸ்டர், சிரக்கியூஸ், லவால் என்று ஊர் ஊராகப் பேருந்தில் அலைகிற பருவம் அவர்களுடையது. பார்வையாளர்கள் வீரர்களின் பெயரைப் பாடமாக்குவதற்குள் அணி மாறிவிடுவதால், அவர்களுக்கு நிலைத்திருப்பது வீரர் அல்ல, அரங்கும் அக்கம்பக்கத்து இருக்கைக்காரரும்தான். டிசம்பர் 19 நள்ளிரவு முதல் 27 வரை என்.எச்.எல். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதையும் கீழே அனுப்புவதையும் பெரும்பாலும் நிறுத்தி வைப்பது வழக்கம். நத்தார் மரத்தடியில் இருக்கும்போது பெட்டி கட்டச் சொல்லி ஒருவருக்கும் அழைப்பு வரக்கூடாது என்பதற்காக. நத்தாருக்கு மறுநாளாகிய பொக்சிங் டே அன்று மார்லிஸ் அணி பல ஆண்டுகளில் தன் சிறிய அரங்கை விட்டு, மேப்பிள் லீவ்ஸ் ஆடும் ஸ்கோஷியாபாங்க் அரங்கிலேயே பகல் ஆட்டம் ஆடியிருக்கிறது. தாங்கள் என்றாவது ஆடக் கனவு காணும் தளத்தில் அந்த ஒரு நாள் அவர்கள் ஆடுவதைப் பார்ப்பதும் ஒரு நத்தார்க் கொண்டாட்டம்தான். கடைகளின் மலிவு விற்பனை வரிசையில் விடியற்காலையில் நிற்கும் எம்மவர் ஒரு தடவை அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அரங்க வாசலில் அன்று ஒரு தமிழ்க் குடும்பம் தடுமாறி நின்றதைக் கண்டேன். சமூக அமைப்பு ஒன்று, அதன் பெயர் இங்கே வேண்டாம், பிள்ளைகளுக்கு நுழைவுச்சீட்டு எடுத்துக் கொடுத்ததே தவிர என்ன கொண்டு வர வேண்டும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தச் சிறுமியின் கையில் பற்றரி போட்டால் குரைக்கும் பெரிய நாய்க்குட்டி. நெஞ்சில் பிளாஸ்திக் பெட்டி இருக்கும் பொம்மை யார் தலையிலாவது விழுந்தால் காயம் படும். தளத்தில் உடைந்தால் அதன் சிறு துண்டு கூட சறுக்குக் காலணியின் அலகில் சிக்கி வீரரை விழுத்திவிடும். பொம்மை மென்மையாக, பஞ்சு அடைத்ததாக, புதிதாக இருக்க வேண்டும். மினுமினுப்புத் தூள் ஒட்டியதாக இருக்கக் கூடாது. பனியின் ஈரம் படாமல் இருக்க ஒரு பிளாஸ்திக் பையில் போட்டுக் கட்டுவது நல்லது. இவ்வளவுதான் செய்தி. தாய் அந்த நாய்க்குட்டியைப் பைக்குள் மறைத்துவிட்டு, பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்று மகளிடம் சொன்னதை நான் கேட்டேன். எல்லோரும் எறிந்தபோது அந்தப் பிள்ளை வெறுங்கையோடு நின்றிருக்கும். உங்கள் பத்திரிகையில் கோயில் திருவிழாத் திகதிகளும் நத்தார் ஒன்றுகூடல்களும் வரும் பக்கத்தில், டிசம்பர் தொடக்கத்திலேயே, மார்லிஸ் அணியின் பொம்மை வீசும் ஆட்டம் எந்த நாள் என்பதையும் மேலே சொன்ன நான்கு வரிகளையும் ஒரு கட்டம் போட்டு வெளியிட்டால் இனி எந்தப் பிள்ளையும் அப்படி வெறுங்கையோடு நிற்காது.

என் பேரன் இந்த ஆண்டுக்கான பொம்மையை இப்போதே வாங்கிவிட்டான். போன தடவையைவிடச் சிறியது. பாரம் குறைந்தால் தூரம் போகும் என்பது அவன் கணக்கு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஸ்காபரோ