பத்தொன்பதாம் வரிசை, ஜன்னல் இருக்கை

தென்காசி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சாரதா,

எட்டு மாதம் ஆகிவிட்டது. இதற்குள் மூன்று கடிதங்கள் எழுதத் தொடங்கி மூன்றையும் கிழித்துப் போட்டேன். தொலைபேசியில் நீ “சாப்பிட்டாயா” என்பாய், நான் “சாப்பிட்டேன்” என்பேன், அதோடு இருவரும் வைத்துவிடுவோம். இந்தக் கடிதத்தை முடித்துத் தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் நாளைக்கு எனக்குக் காபி.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படிதான் பகை. கிரேஸ் வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே விடுதி மணியை அடித்துக் காட்டினாள், அதே குரல், தெருவே எட்டிப் பார்த்தது. வசந்தி மகனுக்கு நிச்சயம் முடிந்தது, உனக்கும் பத்திரிகை வரும். எதிர்வீட்டுப் புன்னையை வெட்டிவிட்டார்கள். கார் நிறுத்த இடைஞ்சலாம்! அதில் தங்கியிருந்த செம்போத்து மூன்று நாள் அந்த இடத்துக்கு வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நான் அந்த வீட்டாரோடு இன்னும் பேசவில்லை.

போன மாதம் கார்த்திக் விடுமுறைக்கு வந்தபோது, “அம்மா, இது விலங்கியல் ஆசிரியருக்கென்றே எடுத்த படம்” என்று ஒன்றைப் போட்டுக் காட்டினான். வெர்னர் ஹெர்சாக் என்ற ஜெர்மன் இயக்குநர் 1998இல் எடுத்த ஆவணப்படம், பெயர் ‘விங்ஸ் ஆஃப் ஹோப்’. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். முடிந்த பிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவன் தூங்கப் போனதும் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். அந்தப் படத்தில் வரும் பெண்ணே எழுதிய புத்தகத்தையும் அவன் ஊருக்குப் போய் வாங்கி அனுப்பினான். ஒரு மாதமாக எனக்கு வேறு பேச்சே இல்லை. கேட்பதற்கு நீ பக்கத்தில் இல்லாததுதான் குறை.

1971, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். பெரு நாட்டில், லிமாவிலிருந்து ஆண்டிஸ் மலையைத் தாண்டிப் புகால்பா என்ற காட்டோர ஊருக்குப் போகும் விமானம். பத்தொன்பதாம் வரிசையில் ஜன்னலோரம் யூலியானே கெப்கே, பதினேழு வயது. பக்கத்து இருக்கையில் அவள் அம்மா மரியா. விமானம் இடி மேகத்துக்குள் நுழைந்தது, மின்னல் தாக்கியது, நடுவானில் உடைந்தது. உள்ளே 92 பேர். இந்தப் பெண் பெல்ட் போட்டபடியே, இருக்கை வரிசையோடு சேர்ந்து, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து காட்டுக்குள் விழுந்தாள். மறுநாள் காலையில் கண் விழித்தாள்!

எப்படிப் பிழைத்தாள் என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். மூன்று இருக்கைகள் சேர்ந்த அந்த வரிசை தணக்கு மரத்து விதைபோல் சுழன்று சுழன்று இறங்கியிருக்கலாம், புயல் மேகத்துக்குள் மேல்நோக்கி வீசும் காற்று வேகத்தைக் குறைத்திருக்கலாம், கொடிகள் பின்னிக் கிடந்த மர உச்சிகள் தாங்கியிருக்கலாம் என்கிறார்கள். குற்றாலத்தில் நீ தணக்குக் காயை மேலே வீசி வீசி எண்ணிக்கொண்டிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. காறை எலும்பு முறிவு, முழங்காலில் தசைநார் கிழிவு, கையில் ஆழமான வெட்டு. கிட்டப்பார்வைக்காரிக்குக் கண்ணாடி போய்விட்டது. காலில் ஒற்றைச் செருப்பு, மேலே கையில்லாத ஒரு சிறு கவுன். அவ்வளவோடு பதினோரு நாள், தன்னந்தனியாக.

இனிமேல் நம் பாடம். அவள் அப்பா, அம்மா இருவருமே விலங்கியலாளர்கள். அம்மா பெரு நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்தவர். 1968இல் இருவருமாக மழைக்காட்டுக்குள் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கி, அதற்குப் பாங்குவானா என்று அங்குள்ள ஒரு பறவையின் பெயரையே வைத்தார்கள். பெண் அந்தக் காட்டு வீட்டில் ஒன்றரை ஆண்டு வளர்ந்தவள். விழுந்த இடத்தில் ஓர் ஊற்று கசிந்து ஓடுவதைப் பார்த்ததும் அப்பா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது: சிறு நீர் பெரு நீரில் போய்ச் சேரும், பெரு நீரின் கரையில் மனிதர் இருப்பார்கள். ஊற்றைப் பிடித்து ஓடைக்கு வந்தாள், ஓடையைப் பிடித்து ஆற்றுக்கு. கரையில் பாம்பு தெரியாது என்று தண்ணீரிலேயே நடந்தாள். சேற்றில் திருக்கை படுத்திருக்கும் என்று குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்தாள். செருப்புப் போட்ட காலைத்தான் எப்போதும் முதலில் வைத்தாள். விமானத்திலிருந்து விழுந்த ஒரு பை மிட்டாய்தான் அவளுக்குக் கிடைத்த உணவு, அதுவும் சில நாளில் தீர்ந்துவிட்டது. தேடும் விமானங்களின் ஓசை மேலே கேட்டது. கிளைக்கூரைக்குக் கீழே இருப்பவளை யார் பார்க்க முடியும்? பிறகு அந்த ஓசையும் நின்றுபோயிற்று.

ஒரு நாள் ஒரு பறவையின் குரல் கேட்கிறது. எந்தப் பறவை, சொல்? ஹோவாட்ஸின்! குஞ்சின் இறக்கையில் நகம் இருக்குமே, ஆதிப் பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லி நமக்கு வந்த கேள்வி. இலையைத் தின்று தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் மாடுபோல் புளிக்கவைக்கும், அதனால் சாண நாற்றம் அடிக்கும் என்று மேரி மேடம் சொன்னதும் நீ மூக்கைப் பொத்திக்கொண்டாய். பதில் எழுதி மதிப்பெண் வாங்கினோம், அதோடு மறந்தோம். இந்தப் பெண்ணுக்கோ அந்தக் குரல் வழிகாட்டியது. ஹோவாட்ஸின் கூடு கட்டுவது திறந்த நீர்ப்பரப்பின் ஓரத்தில். அப்படியென்றால் பெரிய ஆறு பக்கத்தில்! குரலைப் பின்தொடர்ந்து போய் ஆற்றைக் கண்டுபிடித்தாள். எனக்கு அந்த இடத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆள்காட்டி கத்தினால் பக்கத்தில் குளம் இருக்கிறது என்று ஆச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். முப்பத்திரண்டு ஆண்டு விலங்கியல் நடத்தினேன், ஒரு வகுப்பையாவது ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போய் அந்தக் குரலைக் கேட்க வைத்தேனா? அடுத்த வாரம் முதல் தெருப் பிள்ளைகளைச் சனிக்கிழமை காலைகளில் குளத்துக்குக் கூட்டிப் போகப்போகிறேன். ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த பத்தியைச் சாப்பிடும்போது படிக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

கையிலிருந்த வெட்டில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டது. சதைக்குள் குடைந்துகொண்டு போகிறது, எடுக்க வரவில்லை. பத்தாம் நாள் ஆற்றோரம் ஒரு படகையும் அருகே ஒரு குடிசையையும் கண்டாள். அங்கே பீப்பாயில் பெட்ரோல் இருந்தது. வீட்டு நாய்க்குப் புண்ணில் புழு வைத்தபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றியதைப் பார்த்திருக்கிறாள். அதேபோல் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துத் தன் புண்ணில் விட்டு, முப்பது புழுக்கள்வரை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆச்சி மாட்டுக்கு வேப்பெண்ணெயில் கற்பூரம் குழைத்து விடுவாள் அல்லவா, அதே வைத்தியம். இன்னொன்று கேள்: அந்தப் படகை அவிழ்த்துக்கொண்டு அவள் போயிருக்கலாம். அது யாருடையதோ, எடுத்தால் திருட்டு என்று எடுக்கவில்லை! மறுநாள் மரம் வெட்டுகிறவர்கள் வந்து, முதலில் நீர்த்தேவதையோ என்று மிரண்டு, பிறகு உணவும் மருந்தும் கொடுத்துப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த ஹெர்சாக்கும் அன்று அதே விமானத்தில் போகவேண்டியவர். வேறொரு படப்பிடிப்புக்காகப் பெருவில் இருந்தார், கடைசி நேரத்தில் பயணம் மாறிப்போனது. அவர் காட்டுக்குள் படம்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பெண் அதே காட்டில் நடந்திருக்கிறாள். அதனால்தான் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அவளும் சம்மதித்தாள். அதே வழித்தட விமானத்தில், அதே பத்தொன்பதாம் வரிசை ஜன்னல் இருக்கையில் மறுபடி உட்கார்ந்து போகிறாள். உடைந்த விமானத்தின் துண்டுகளைக் காட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். வகுப்பு நடத்துகிறவள்போல் ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொல்கிறாள், குரல் கம்முவதே இல்லை.

ஓர் இடத்தில் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நடக்கத் தொடங்கி நாலாம் நாள், கழுகுகள் இறங்கும் ஓசையைக் கேட்டுப் போனால், ஓர் இருக்கை வரிசை தலைகீழாக மண்ணில் புதைந்து கிடக்கிறது. மேலே கால்கள் மட்டும் தெரிகின்றன. அதில் ஒரு பெண். அம்மாவாக இருக்குமோ என்று குச்சியால் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். விரல்களில் நகப்பூச்சு. அம்மா நகப்பூச்சுப் போடுவதில்லை. ஒரு கணம் நிம்மதி வந்ததாம், உடனே அப்படி நிம்மதிப்பட்டதற்கு வெட்கமும் வந்ததாம்.

அம்மா ஜனவரி 12 அன்றுதான் கிடைத்தார். விழுந்த பிறகும் அந்த அம்மாள் சில நாள் உயிரோடு, நகரமுடியாமல் காட்டில் கிடந்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது.

இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றிக்கொண்டு வந்தேன், சாரதா. அம்மாவுக்கு முன்னதாகவே புறப்பட எண்ணம். மகளுக்கு டிசம்பர் 23 பள்ளிப் பட்டமளிப்பு. அதற்கு இருந்துவிட்டுப் போகலாம் அம்மா என்று மகள் ஆசைப்பட்டாள், அம்மா சரி என்றார். அதனால் 24ஆம் தேதி விமானம்.

அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

“ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன்.” அண்ணன் நம்மை விட்டுப் போன அன்று முழுவதும் நீ இதையே சொல்லிக்கொண்டிருந்தாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் தலையெழுத்து என்றேன். எவ்வளவு பொய்யான பேச்சு! என்னிடம் சொல்வதற்கு வேறொன்று இருந்தது, அதை விழுங்கிவிட்டேன்.

அவரை இருக்கச் சொன்னது நீ மட்டும் இல்லை. காதுகுத்து முடிந்த வியாழன் இரவு, நீ அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாய். அண்ணன் வாசலில் வண்டிச் சாவியோடு நின்று, “இப்போதே கிளம்பினால் பதினொரு மணிக்கு மதுரை. அவள் வேண்டாம் என்கிறாள். நீ என்னம்மா சொல்கிறாய்?” என்று என்னிடம் கேட்டார். “இருங்கள் அண்ணா, நானும் நாளைக்கு இருக்கிறேன், சனிக்கிழமை விடியலில் போகலாம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியை ஆணியில் மாட்டினார். அந்தச் சாவி ஆடிய சத்தம் எட்டு மாதமாக என் காதில் இருக்கிறது. என்னைக் கேட்டுத்தான் மாட்டினார், சாரதா. இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உன்னைத் தனியாக விட்டுவிட்டேன். கோபம் வந்தால் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு.

அந்த வெள்ளிக்கிழமையையும் நாம் இருவரும் பேசவே இல்லை. கோயிலில் பேத்திக்கு வளையல் வாங்க நாலு கடை ஏறி இறங்கினார். மாலையில் மாடியில் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து, உனக்குச் சர்க்கரை என்று சொல்லிச் சொல்லி உன் பங்கையும் தானே தின்றார். குழந்தையின் புண்பட்ட காதை ஊதி ஊதித் தூங்கவைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீ பார்த்திருப்பாய்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று சொல்லவில்லையே. ஜெர்மனியில் விலங்கியல் படித்து, பாங்குவானாவின் வௌவால்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினாள். 2000இல் அப்பா இறந்ததும் நிலையத்தைத் தானே ஏற்று, சுற்றியுள்ள காட்டையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். தான் மட்டும் ஏன் மிஞ்சினோம் என்ற கேள்வி போகவே இல்லை என்றும் சொல்கிறாள்.

உன் மகள் என்னிடம் பேசினாள். நீ இந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூடத் திருநெல்வேலி வரவில்லையாம், அவள்தான் கைக்குழந்தையோடு மதுரைக்கு அலைகிறாளாம். கயத்தாறைத் தாண்ட உன்னால் முடியவில்லை என்று எனக்குத் தெரிகிறது. எனக்கும்தான். கங்கைகொண்டான் பக்கம் போகவேண்டிய வேலையை இரண்டு முறை தட்டிக்கழித்தேன்.

அடுத்த மாதம் 14ஆம் தேதி ராஜபாளையம் வழியாக மதுரை வருகிறேன். இரண்டு இரவு உன் வீட்டில். 16ஆம் தேதி காலை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ்ஸில் இரண்டு பேருமாக ஏறுவோம். ஜன்னல் இருக்கை உனக்கா எனக்கா என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் முடியவில்லை என்றால் கோவில்பட்டியில் இறங்கிக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். பச்சைக் குடையை எடுத்து வை.

உன்,
மீனாட்சி