சுருட்டின் தரம் உள்ளிலையில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கியூபா சுருட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மேலே சுற்றும் இலையின் மெருகை மட்டுமே வியந்து, உள்ளே வைக்கும் புகையிலையைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது வருத்தமளிக்கிறது. செடியின் அடியில் விளையும் ‘வொலாடோ’ இலை சீராக எரியவும், நடுவில் விளையும் ‘செக்கோ’ மணம் தரவும், வெயிலை அதிகம் வாங்கும் உச்சியிலையான ‘லிகேரோ’ காரம் கூட்டவும் உதவுகின்றன; மெதுவாக எரியும் இந்த லிகேரோவை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்துவிட்டால், நெருப்பு ஒரு பக்கமாகவே ஓடும். முழு இலைகளை நீளவாக்கில் மடித்து, இடையே காற்றுக்கு வழிவிட்டுச் சுருட்டுவது பல ஆண்டுப் பழக்கத்தில் வரும் கைப்பக்குவம். இறுக்கினால் புகை வராது. தளர்ந்தால் சூடேறிக் கசக்கும். புகைப்பது உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் ஒரு தொழிலைப் பற்றி எழுதும்போது, அதன் உயிர்நாடியான வேலையை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்