பத்து முறை எழுதினால் போதுமா?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "திரும்பத் திரும்பப் படிக்கிறான், ஆனாலும் நிற்க மாட்டேன் என்கிறது" என்ற வருத்தம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளையின் உழைப்பில் குறையில்லை. எத்தனை முறை என்று எண்ணுகிறோமே தவிர, எவ்வளவு இடைவெளியில் என்று பார்ப்பதில்லை.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, முடிவுகளை 1885-இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் 68 முறை சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவருக்குக் கிடைத்தது. ஆகவே இன்று படித்ததை நாளையும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும், பிறகு ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். புத்தகம் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்துப் படித்தால் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும். மூடியபின் வருவதுதான் உண்மையில் தெரிந்தது.

பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. நான்காவது வரியில் பிள்ளை முதலெழுத்தை மட்டும் வரிசையாகக் கீழே எழுதிக்கொண்டு போகும். கை ஓடும், கவனம் போய்விடும். இரண்டாம் வரியில் ஒரு துணைக்கால் (ா) விடுபட்டால் மீதி எட்டிலும் விடுபடும், ஏனென்றால் பிள்ளை பார்ப்பது மேல் வரியைத்தான். சொல்லைப் பார், மூடு, எழுது, ஒப்பிடு. இன்று மூன்று முறை, நாளை இரண்டு முறை.

வாய்ப்பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையிடம் 7×8 என்று கேட்டால், முதல் படியிலிருந்து ஏறி வருகிறது. வரிசைதான் பழகியிருக்கிறது. 2 முதல் 9 வரையிலான வாய்ப்பாடுகளில், 7×8-ம் 8×7-ம் ஒன்றென்று கொண்டால், பழக வேண்டியவை 36 பெருக்கல்கள்தான். பெரும்பாலும் சிக்குபவை 6×7, 6×8, 7×8 போன்ற சில. நாளுக்கு மூன்று கடினமானவற்றைத் தெரிந்தவற்றோடு கலந்து கேளுங்கள். மூன்று நொடியில் வராவிட்டால் விடையை நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு கேள்வி தள்ளி மறுபடி கேளுங்கள். ஊகித்துச் சொல்லும் தவறான விடையும் மனதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் திட்டி வரவழைக்க வேண்டாம்.

பை அடுக்குவதும் இப்படித்தான். ஒரே நேரம், ஒரே வரிசை: கால அட்டவணை, புத்தகங்கள், பென்சில் பெட்டி, தண்ணீர் பாட்டில். முதல் வாரம் கூடவே நில்லுங்கள். அடுத்த வாரம் "அடுத்து என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு விலகிவிடுங்கள். அவசரத்தில் நீங்களே அடுக்கிவிடும் நாளில் பழக்கம் அறுந்துபோகும்.

சின்னப் பிள்ளைகள் அதே கதையை இருபதாம் முறை கேட்டால் தயவுசெய்து அலுத்துக்கொள்ளாதீர்கள். புதுச் சொற்கள் அப்போதுதான் ஊறும். வாக்கியத்தின் பாதியில் நிறுத்துங்கள். மீதியைப் பிள்ளை சொல்லட்டும்.

வரும் திங்கள் முதல் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் போன வாரப் பாடத்திலிருந்து கேள்விகள் கேட்கப்படும்; மதிப்பெண் கிடையாது. பதில் வராத கேள்விகளைப் பிள்ளைகள் நாட்குறிப்பில் எழுதி வருவார்கள். அன்று மாலை அவற்றை மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்