அப்பாயி பேசியதை அனுப்புகிறேன்

மன்னார்குடி
ஆவணி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அப்பாயியும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும். நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. வேலையாக இருந்திருப்பாய். அதற்காக எழுதவில்லை. நீ கேட்டிருந்த காரியம் முடிந்தது, அதைச் சொல்லத்தான். போனில் தட்டினால் எனக்குப் பாதி வாக்கியம் எங்கோ போய்விடுகிறது. பேனா என்றால் நினைத்தது வரும்.

சித்திரையில் நாற்பது கேள்வி அனுப்பினாய். அப்பாயி வாழ்க்கையைப் பதிவு பண்ணுங்கப்பா, அப்புறம் கிடைக்காது என்று எழுதியிருந்தாய். எனக்கு அவ்வளவு பெருமை. இந்தக் காலத்தில் எந்தப் பேரனுக்கு இந்த எண்ணம் வரும்? கூட்டுறவுச் சங்கத்துப் பழைய ஆட்கள் நாலு பேரிடம் போனை நீட்டிக் காட்டினேன். அப்பாயிக்கு நாற்பது கேள்வி கேட்டவன், எங்களை நாலு மாசமாக ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றும் தோன்றியது. சரி, விடு.

முதல் நாள் உன் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். "உன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் எதும்மா?" என்றால், "எல்லா நாளும் ஒண்ணுதான்" என்கிறாள். "எதை நினைச்சு வருத்தப்படுறே?" என்றால், "பசு கத்துது, தண்ணி காட்டினியா?" என்கிறாள். பதினொரு கேள்வி பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நீ கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வாழ்க்கை என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்துப் பழகியவள் இல்லையே அவள்.

மறுநாள் உன் அம்மாதான் யோசனை சொன்னாள். பரணிலிருந்து நெல் அளக்கிற மரக்காலை இறக்கினேன். தாத்தாவுடைய பித்தளைப் பூண் போட்ட மரக்கால். அப்பாயி தூசியை முந்தானையால் துடைத்தாள், வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினாள். அப்புறம் வெறும் மரக்காலைச் சாய்த்து அள்ளுகிற மாதிரி அள்ளி, தலைதட்டி, கொட்டுகிற மாதிரி கொட்டி, "லாபம்… ரெண்டு… மூணு…" என்று ஆரம்பித்தாள். குரலே வேறு குரல். பன்னிரண்டு, அதாவது ஒரு கலம், வந்ததும் தரையில் விரலால் ஒரு புள்ளி வைத்தாள். கலத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைப்பது சின்ன வயதில் அவள் வேலையாம். களத்தில் அவள் அப்பா அளப்பார், இவள் பக்கத்தில் கொட்டையோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம், பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்கூட ஆகாத ஒருத்தி கூலி அளக்க வந்து நின்றாளாம். இவள் ஒரு கொட்டையை மடியில் போட்டுக்கொண்டாளாம். ஒரு கலம் கணக்கில் வரவில்லை, அந்தப் பெண்ணுக்கு ஒரு கலம் கூடப் போனது. "எங்க அப்பாவுக்குத் தெரியாது. உங்க அப்பாவுக்கும் தெரியாது. இப்பதான் சொல்றேன்" என்றாள். பன்னிரண்டு வயதில் செய்தது, இப்போது அவளுக்கு 82. எழுபது வருஷம் மடியிலேயே வைத்திருந்திருக்கிறாள் பார்.

அதற்குப் பிறகு நான் உன் கேள்விகளைப் பார்க்கவில்லை. அவளுக்கு வருஷம் சொல்ல வராது. புயலுக்கு முன்னாலா, பின்னாலா? எந்த மகாமகத்துக்கு முன்னால்? அப்படிக் கேட்டால் வந்துவிடும். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த வருஷம்தான் பெரிய காற்றும் வந்தது என்றாள். இரண்டும் 1952 தான், சரியாகத்தான் சொல்கிறாள். நவம்பர் 30, கார்த்திகை மாதம், சம்பா வயலில் நிற்கிறது. கூரை பிய்த்துக்கொண்டு போனதும் அவள் அப்பா பிள்ளைகள் மூன்று பேரையும் தூக்கி நெல் பத்தாயத்துக்குள் போட்டிருக்கிறார். பாதிக்கு மேல் காலியாக இருந்திருக்கிறது. மேலே பலகையை மூடி, மூச்சு விடுவதற்காக இடுக்கில் உலக்கையைக் குறுக்கே செருகி, விடிய விடிய அதைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். உள்ளே பழைய நெல் வாசனை, தம்பிக்காரனின் மூத்திரம், இடுக்கு வழியாகத் தெரிந்த அப்பாவுடைய விரல். இதை அவள் வாயால் கேள், நான் எழுதினால் போதாது.

கஜா அடித்த ராத்திரி உனக்கு நினைவிருக்கும், 2018. நீ லீவில் வந்திருந்தாய். தென்னை ஒவ்வொன்றாகச் சாய்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பாயி உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாம் எல்லோரும் சிரித்தோம். திருடனையா அடிக்கப் போகிறாய் என்று நான்தான் முதலில் கேட்டேன். எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் தானாகச் சொன்னது இன்னொன்று. 1968 மார்கழியில் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களில் 44 பேரை எரித்த செய்தி வந்தபோது, வீட்டில் யாரும் அதைப் பேசக்கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டாராம். அந்தத் தை அறுப்புக்கு வந்தவர்கள் கடைசிக் கட்டு தூக்கும்வரை இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "நானும் கேக்கல. என்னத்தக் கேக்குறது?" என்றாள். அதற்குமேல் அன்றைக்கு அவள் பேசவில்லை, நானும் போனை அணைத்துவிட்டேன்.

நீ அடுத்து வரும்போது நீயே கேட்பாய் என்பதால் சொல்கிறேன். இடது பக்கம் உட்கார், வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை. காலையில் காபி குடித்த பிறகு, பத்து மணிக்குள். ஃபேனை நிறுத்திவிடு, இல்லாவிட்டால் பதிவில் ஃபேன்தான் பேசும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். அவள் நிறுத்தினால் முடித்துவிட்டாள் என்று நினைக்காதே. சும்மா இரு. மனதுக்குள் இருபது எண்ணு. முக்கால்வாசி நல்ல விஷயம் அந்த இருபதுக்குப் பிறகுதான் வருகிறது. சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் கேள், ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் கூட வருவார்.

குறுவை பால் பிடித்திருக்கிறது. மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதியே திறந்ததால் இந்த வருஷம் நாற்று நேரத்துக்கு இறங்கியது. ஒரு மழை பொறுத்துப் பெய்தால் போதும். உனக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா? தண்ணீர் குடிக்க எழுந்தபோது வாட்ஸ்அப்பைப் பார்த்தேன், நீ கடைசியாகப் பார்த்தது 3.10 என்று காட்டியது. ஒரு நாள் என்றால் சரி. தினமும் அப்படித்தான் காட்டுகிறது. நேரத்தோடு சாப்பிட்டு நேரத்தோடு தூங்கு. மருமகளும் போன் எடுப்பதில்லை. அவளுக்கும் வேலை இருக்கும். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், ஆடிப்பெருக்குக்கும் கிடைக்கவில்லை. உன் அம்மா அவளுக்கென்று எடுத்து வைத்த மஞ்சள் சரடு சாமி படத்திலேயே தொங்குகிறது. தூக்கம் முக்கியம் தம்பி.

மூன்றாவது நாள் பதிவை நேற்றுதான் முழுசாகக் கேட்டேன். 47 நிமிஷம். கேட்கக் கேட்க எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அதில் அவள் குரலைவிட என் குரல்தான் அதிகம். "பத்து வயசில்லம்மா, ஒன்பது." "அது தாளடி இல்லம்மா, சம்பா." அவள் மூச்சு இழுப்பதற்குள் நான் பேசுகிறேன். அதைக்கூடப் பழக்கம் என்று விட்டுவிடலாம். இது வேறு. நாலு இடத்தில் அவள் "வடக்குவெளி" என்று ஆரம்பிக்கிறாள். நாலு இடத்திலும் நான், "மாத்திரை போட்டியாம்மா?", "வெயில் வந்துடுச்சு, உள்ள போலாமா?" என்று பேச்சை மாற்றுகிறேன். பேசும்போது அது எனக்குத் தெரியவே இல்லை. கேட்கும்போதுதான் தெரிந்தது.

31-ஆவது நிமிஷத்தில் ஐந்தாவது தடவையாக ஆரம்பித்தாள். அப்போது நான் தபால்காரர் கூப்பிட்டார் என்று எழுந்து வாசலுக்குப் போயிருந்தேன். போன் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனிடம் சொல்லியிருக்கிறாள், உன்னிடம் சொல்வதாக நினைத்து.

உனக்குக் கவுன்சிலிங்கில் சீட் கிடைத்தது 2009-இல். ஃபீஸுக்குச் சங்கத்தில் கடன் வாங்கினேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். வடக்குவெளியில் இருந்த மூன்று மா வயலை விற்றேன். அது என் அம்மாவின் நிலம். 1971-இல் அவள் காசுமாலையை விற்று, அவள் பேரில் தாத்தா வாங்கியது. கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று சொல்லித்தான் அவளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே என்ன கேட்டாலும் சம்மதம் என்று சொல்லு என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். சொன்னாள். பெருவிரலை மையில் வைத்து நான்தான் உருட்டினேன். மை போகவில்லை என்று வீடு வரைக்கும் விரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

சங்கத்தில் முப்பது வருஷம் பயிர்க்கடன் பத்திரங்களில் கைநாட்டு வாங்கியிருக்கிறேன். வரி வரியாகப் படித்துக் காட்டாமல் ஒரு விவசாயியிடமும் வாங்கியதில்லை. என் அம்மா ஒருத்தியிடம்தான் படித்துக் காட்டாமல் வாங்கினேன். கேட்டால் கொடுத்திருப்பாள், உனக்காக என்றால் மறுபேச்சே பேசியிருக்க மாட்டாள். அதுதான் இத்தனை வருஷமாக என்னைக் குடைகிறது. கேட்கப் பயந்துகொண்டு ஏமாற்றினேன்.

பதிவில் அவள் சொல்வது இதுதான்: "தையில பாக்கப் போனேன் ராசா. ஒருத்தன் வரப்பு வெட்டிக்கிட்டிருந்தான். யாருப்பா நீன்னேன். இது எங்க மொதலாளி நெலம் ஆயான்னான். சரின்னுட்டு வந்துட்டேன். உங்க அப்பங்கிட்ட கேக்கல. பாவம், அவன் என்ன பண்ணுவான்."

கேட்டு முடித்ததும் எழுந்து போய் அவள் இடது பக்கம் உட்கார்ந்தேன். பதினாறு வருஷமாக ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். கோபமே இல்லை. அப்புறம் காபி கேட்டாள், போட்டுக் கொடுத்தேன்.

இதை உன் தலையில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. நீ படித்த படிப்பு உன் உழைப்பு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொன்றுக்காக எழுதுகிறேன். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் உடனே சாப்பிட்டியா என்று கேட்டேன். நீ மறுபடியும் "இல்லப்பா, நான் சொல்ல வந்தது" என்றாய். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன், கால் மணி நேரம் பேசினேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். பக்கத்திலிருந்த உன் அம்மா, "அவன் என்னமோ சொல்ல வந்தாங்க" என்றாள். எனக்கும் தெரிந்தது. என்ன சொல்லப் போகிறாய் என்று பயமாக இருந்தது. அதற்குப் பிறகு நீ அப்படி ஆரம்பிக்கவே இல்லை.

ஃபைல் பெரிது, வாட்ஸ்அப்பில் போகவில்லை. எதிர் வீட்டுப் பையன் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். நடுவில் சத்தம் வரும் இடமெல்லாம் வெட்டிவிடவா சார் என்று கேட்டான். எதையும் வெட்ட வேண்டாம் என்றேன். இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகிறது. ராத்திரி உட்கார்ந்து கேட்காதே, பகலில் கேள்.

அப்பாயி மரக்காலைத் திரும்பப் பரணில் ஏற்ற விடவில்லை, அவள் கட்டிலடியில் இருக்கிறது. நீ வந்தால் உனக்கும் அளந்து காட்டுவாள். மைசூர் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் தஞ்சாவூருக்கு வந்துவிடும். எந்த நாள் என்று மட்டும் சொல், நான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். தனியாக வந்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா