பேரனுக்கு ஒரு புனிதர்

அன்புள்ள மக்களே,

பேரனுக்குத் திருமுழுக்கில் எந்தப் புனிதர் பெயரைக் கொடுப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அம்மா சொன்னாள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே. சம்பந்தி பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் நீங்கள் வைத்த பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

பங்குத்தந்தையும் அதை மாற்றச் சொல்லமாட்டார். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் கொடுக்காவிட்டால் பங்குத்தந்தையே ஒரு புனிதர் பெயரைச் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 1983-இல் வந்த சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆக, கட்டாயம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவனுக்கென்று ஒரு புனிதர் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அவனுக்காக வேண்டிக்கொள்ள மேலே ஒருவர் இருப்பார். கதை கேட்கும் வயது வந்ததும், "எனக்கு ஏன் இவர் பெயர்?" என்று அவன் கேட்பான். அப்போது சொல்வதற்கு உன்னிடம் ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை கார்லோ என்று வைக்கலாம் என்கிறாராம். நல்ல யோசனைதான். 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த பையன். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் செய்தவன். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை லியோ அவனைப் புனிதராக அறிவித்ததை நானும் அம்மாவும் டிவியில் முழுவதும் பார்த்தோம். அந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சந்தோஷமே.

ஆனால் என் மனதில் இருப்பவர் தேவசகாயம். பழைய காலத்துப் பெயர் என்று ஒதுக்கிவிடாமல் கொஞ்சம் கேள்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் அவர். பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை, வசதியான குடும்பம். ஒரு கட்டத்தில் மாடுகள் செத்து, சொத்து கரைந்து, மனம் உடைந்து கிடந்தவருக்கு எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் பைபிள் கதையைச் சொன்னவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்த டச்சுப் படை அதிகாரி. உதயகிரிக் கோட்டையில் நீ பார்த்த கல்லறை அவருடையதுதான். அந்தக் கதை நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவர் மனைவியும் ஞானப்பூ என்ற பெயரில் கிறிஸ்தவரானார்.

1749-இல் அவரைக் கைது செய்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். வேதத்தை விட்டுவிடு என்றபோதெல்லாம் மாட்டேன் என்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் அவர் கல்லறை இருக்கிறது. சின்ன வயதில் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் நீ அங்கே முழந்தாளிட்டிருக்கிறாய்.

அவர் குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை. கல்யாணமாகி வேலைக்குப் போன மனிதர், நம்மைப்போல. இந்தியாவில் பொதுநிலையினராக இருந்து புனிதரான முதல் ஆள் அவர்தான். 2022 மே 15-இல் ரோமில் பட்டம் கொடுத்தார்கள். இன்னொன்றும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' எதற்கு என்று சிலர் ரோமுக்கு எழுதிக் கேட்டார்கள். அதை ஏற்று அந்தச் சாதிப் பெயரை எடுத்துவிட்டுத் தேவசகாயம் என்று மட்டுமே அறிவித்தார்கள். என் பேரன் சுமக்கும் பெயரில் சாதி ஒட்டியிருக்காது என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

அவர் திருநாள் ஜனவரி 14. பொங்கல் லீவுக்கு எப்படியும் பெங்களூரிலிருந்து வருவீர்கள். அவன் நடக்க ஆரம்பித்ததும் காற்றாடிமலைக்கு நானே கூட்டிப்போவேன். நட்டாலத்துக்கும் போகலாம், எல்லாம் நம் பக்கம்தானே. கார்லோ இருக்கும் அசிசிக்கு அவன் பெரியவனானபின் போகட்டும்.

பதிவேட்டில் மட்டும் தேவசகாயம் என்று சேர்த்தால் போதும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் தேவைப்படாது. உங்கள் இருவருக்கும் மனம் ஒப்பாவிட்டால் வேண்டாம், நான் வருத்தப்படமாட்டேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

அப்புறம், ஞானப்பெற்றோர் யார் என்று சீக்கிரம் முடிவு செய்யுங்கள். அவர்கள் உறுதிபூசுதல் பெற்றவர்களாக இருக்க வேண்டும், பதினாறு வயதும் நிறைந்திருக்க வேண்டும். சித்தியைக் கேட்பதாக இருந்தால் சொல், அவள் சான்றிதழை இங்கே பங்கு அலுவலகத்தில் வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா